டேங்க் பேசுதா, சிப்ரு?

சுகாதார நிலையத்துப் பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருகி அணைத்தாயிற்று. நான் பின்சீட்டிலிருந்து இன்னும் இறங்கவில்லை. அதற்குள் சிப்ரு ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, மடித்த கைக்குட்டையைப் பெட்ரோல் டேங்கின் மேல் போட்டு, உட்கார்ந்தபடியே குனிந்து வலது காதை அதன்மேல் வைத்துவிட்டார்.

"அசையாதீங்க பாய். ஒரு நிமிஷம்."

பாய் என்பது நான்தான். இந்த ஊரில் அக்காவும் பாய், அத்தையும் பாய், மருந்து கொடுக்கிறவளும் பாய். வந்த புதிதில் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பதினேழு வருஷத்தில் கழுத்து அந்த வேலையை விட்டுவிட்டது.

ஒரு நிமிஷம் என்றால் சிப்ருவுக்கு மூன்று நிமிஷம். உள்ளே நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள், மருந்து அறையின் சாவி என் பையில் இருக்கிறது, நானோ ஒரு பைக்கின் பின்சீட்டில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். கீழே எங்கோ டிக், டிக் என்று ஒரு சத்தம். பிறகு டேங்குக்குள்ளிருந்து ஒரு குளுக். கொஞ்ச நேரம் கழித்து, பசித்த வயிறு கடமுட என்கிற மாதிரி நீளமாக இன்னொன்று.

"ம். வயிறு நல்லா இருக்கு," என்று நிமிர்வார். டேங்கை அவர் வயிறு என்றுதான் சொல்வார். "டிக் டிக்குன்னு கேட்டுச்சே, அது டேங்க் இல்ல. அது சைலன்சர். சூடு ஆறுறப்ப சும்மா புலம்பும். அதையெல்லாம் நம்பக்கூடாது. வயிறு பேசுறதுதான் பேச்சு."

கோவாவில் வாடகைக்கு ஆள் ஏற்றும் பைக்காரருக்குப் பைலட் என்று பெயர். கறுப்பு வண்டி, முன் மட்கார்டில் மஞ்சள் பெயின்ட், சட்டையில் பேட்ஜ். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அம்மாவுக்குப் போன் செய்து, "தினமும் ஒரு பைலட்தான் கொண்டுபோய் விடுறார்" என்று சொன்னேன். எனக்குப் பெரிய உத்தியோகம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்தப் பைலட் அன்றைக்கும் சிப்ருதான், இன்றைக்கும் சிப்ருதான்.

காலை எட்டு மணிப் படகில் ஆற்றைக் கடந்து தீவுக்கு வருவேன். துறையில் ஆல மரத்தடியில் பைலட்டுகள் ஆறு பேர் நிற்பார்கள். அங்கிருந்து வரப்புச் சாலை வழியாக, சேற்று மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் போய், பிறகு சர்ச் மேட்டில் ஏறினால் சுகாதார நிலையம். மாலையில் அதே வழியாக இறக்கம். இந்தக் கணக்கில் சிப்ருவின் முதுகை என் வீட்டுச் சுவரைவிட அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் சிப்ரியானோ. வயது ஐம்பத்தெட்டு. ஒட்டிய கன்னம், நரைத்த மீசை, ஒரு பக்கமாக ஊதா சாயம் ஏறிய காக்கிச் சட்டை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஊக்கும் கிராம்பு டப்பாவும் இருக்கும். கிராம்பு வாய்க்கு. ஊக்கு டேங்க் மூடிக்கு. மூடியில் கண்ணுக்கே தெரியாத ஒரு துளை உண்டு. காற்று போய்வர அதுதான் வழி. செம்மண் தூசியில் அது அடைத்துப்போகும் என்று தினம் காலையில் ஊக்கால் குத்தி விடுவார். மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பேசினால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வார். அந்த வீட்டில் முந்தின நாள் என்ன சமையல், எத்தனை விருந்தாளி என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததோடு விடாமல் கருத்தும் சொல்வார்கள்.

ஆனால் இந்த ஸ்டாண்டில் சிப்ருவுக்கு உள்ள மரியாதை அவர் காதுக்கு உள்ள மரியாதை. அதற்குக் காரணம் வரிசை.

படகு இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை வரும். முதலில் திரும்பி வந்த வண்டிக்கு முதல் ஆள். இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மேட்டிலிருந்து ஒருவர் இறங்கிவர, வடக்குச் சாலையிலிருந்து இன்னொருவர் வர, நடுவில் ஒருவர் டீ குடிக்கப் போக, யார் முன்னால் வந்தது என்பதில் தினமும் சண்டை. இதற்கு அவர்களே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எந்த வண்டியின் டேங்க் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறதோ அது பிந்தி வந்த வண்டி. எது பேசி முடித்துவிட்டதோ அது முந்தி வந்தது. கடிகாரத்தைப் பார்க்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "கடிகாரத்தை அவனவன் இஷ்டத்துக்குத் திருப்புவான் பாய், டேங்கை எப்படித் திருப்புவான்?" என்றார் உல்ஹாஸ்.

உல்ஹாஸும் பைலட்தான். நாற்பது வயது, வாய் அதிகம், கோபம் அதைவிட அதிகம். அவரே சிப்ரு தீர்ப்புச் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார்.

"சிப்ரு பாப், என் டேங்க் பேசுதா?"

பாப் என்றால் இங்கே ஐயா மாதிரி. சிப்ரு குனிவார். கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாராவது இருமினால்கூட முறைப்பார்கள்.

"உன்னுது வாயை மூடி ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஜெரோனிமோடது இப்பத்தான் ஏப்பம் விடுது. நீ முன்னாடி நில்லு."

அவ்வளவுதான். இன்னொரு பைலட்டான ஜெரோனிம் முனகிக்கொண்டே வண்டியைப் பின்னால் தள்ளுவார்.

இந்த மரியாதை எப்படி வந்தது என்றால் ஒரு பால் பாக்கெட்டால் வந்தது. ஐந்தாறு வருஷத்துக்கு முன் பெய்த மழை. மூடியின் துளை வழியாகத் தண்ணீர் பெட்ரோலில் கலந்துவிடும் என்று பைலட்டுகள் எல்லோரும் மூடிமேல் எதையாவது கட்டுவார்கள். சிப்ரு ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பார். உல்ஹாஸ் பால் பாக்கெட்டைக் கழுவி, சுற்றிலும் ரப்பர் வளையம் நாலு போட்டு, காற்றுகூட நுழையாதபடி இறுக்கிக் கட்டினார். கட்டியதைச் சுற்றி நின்று எல்லோரும் பாராட்டினார்கள். பின்சீட்டில் எர்மெலிந்தா டீச்சரை ஏற்றிக்கொண்டு மேட்டில் பாதி ஏறும்போது வண்டி இருமி, இழுத்து, நின்றுவிட்டது. டேங்கிலிருந்து யாரோ முக்குவது போல ஒரு சத்தம் வந்ததாம்.

எர்மெலிந்தா டீச்சர் தீவுப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். இப்போது எழுபத்தைந்து வயது. இந்தப் பைலட்டுகளில் நான்கு பேர் அவரிடம் படித்தவர்கள், சிப்ரு உட்பட. கொட்டும் மழையில் குடையை விரித்துப் பின்சீட்டிலேயே உட்கார்ந்தபடி, "நான் இறங்கி வண்டியைத் தள்ளணுமா உல்ஹாஸ், இல்ல இப்படியே உக்காந்து ஜெபமாலை சொல்லணுமா?" என்று கேட்டாராம்.

கீழிருந்து ஏறிவந்த சிப்ரு வண்டியை நிறுத்தினார். டேங்கைப் பார்த்தார். பால் பாக்கெட்டைப் பார்த்தார். ரப்பர் வளையங்களை அறுத்து மூடியைத் திறந்ததும் ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போய், டொங் என்று டேங்கின் பக்கவாட்டுத் தகரம் வெளியே வந்தது. அடுத்த உதையில் வண்டி கிளம்பிவிட்டது.

"பெட்ரோல் கீழ போகணும்னா காத்து மேல வரணும். நீ வண்டியோட கழுத்தைப் பிடிச்சு நெரிச்சுக்கிட்டு ஓடு, ஓடுங்கிற," என்றார் சிப்ரு. இந்த வாக்கியத்தை உல்ஹாஸின் கல்யாண நாள் உட்பட எல்லா விசேஷங்களிலும் சொல்லிக் காட்டினார்கள்.

இப்படிப்பட்ட சிப்ருவுக்குத் தன் டேங்கில் மட்டும் ஒரு சத்தம் பிடிபடவில்லை. இரண்டு வருஷமாக, ஓட்டி முடித்து நிறுத்தியதும், மூடியிலிருந்து மெல்லியதாக ஒரு விசில். குய்ய்ய் என்று கொசு பாடுகிற மாதிரி. இரண்டு மூன்று நிமிஷம் பாடிவிட்டு ஓயும். துளையைக் குத்தினார். ரப்பர் வாஷரை மாற்றினார். அக்கரைக்குப் போய் மெக்கானிக்கிடம் காட்டினார். அவன் மூடியையே மாற்றினான். புது மூடியும் பாடியது.

"மாத்திரை ஏதாவது இருக்கா பாய்? வாயுத் தொல்லை, எனக்கில்ல, இதுக்கு," என்று டேங்கைத் தட்டிக் காட்டுவார். ஓடுகிற வண்டிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனாலும் ஊர் டேங்குக்கெல்லாம் நாள் நட்சத்திரம் சொல்கிறவர் தன் டேங்கைச் சரி செய்ய முடியவில்லை என்பது அவருக்குப் பெரிய கௌரவப் பிரச்சினை. மற்றவர்களும் சும்மா விடுவார்களா? "சிப்ரு பாப், உங்க வண்டி யாரையோ பாத்து விசிலடிக்குது, டீச்சர் காதுல விழுந்தா அவ்வளவுதான்" என்பார்கள்.

ஜூன் மாதம் ஒருநாள் மருந்து ஜன்னலுக்கு வந்து, "காதுல மழைத்தண்ணி போயிருச்சு பாய், சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டார். கொடுத்தேன். ஜூலையில் மறுபடி கேட்டார். மறுபடி கொடுத்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரே நிற்கிறவரின் ஆரோக்கியத்தைக் கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

ஆகஸ்டு மாதம் ஒரு மாலை. படகுக்காக ஆல மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. சிப்ரு மேட்டிலிருந்து வேகமாக வந்து நிறுத்தினார். கைப்பிடியில் ஒரு பெரிய பை. பைக்குள் எட்டுப் பொட்டலம் பாஜி, ஒரு கட்டு பாவ் ரொட்டி, தனியாகக் காகிதத்தில் மிளகாய் பஜ்ஜி.

"என்ன சிப்ரு பாப், குவைத்ல லாட்டரியா?" என்றார் உல்ஹாஸ்.

"எல்லாரும் கிட்ட வாங்க. கேளுங்க."

டேங்கின் மேல் காதை வைத்தார். பத்து எண்ணுகிற நேரம் இருந்தார். நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல. மூணு நாளாப் பாக்கறேன். நின்னுடுச்சு. ஒரு வாஷரை எடுத்துட்டு மெழுகுல ஊறவெச்சு மாட்டினேன். அவ்வளவுதான். ரெண்டு வருஷம் சார், ரெண்டு வருஷம். நின்னுடுச்சு."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டேங்க் மூடி குய்ய்ய் என்று பாடிக்கொண்டிருந்தது.

நான் உல்ஹாஸைப் பார்த்தேன். உல்ஹாஸ் ஜெரோனிமைப் பார்த்தார். ஜெரோனிம் தரையைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்றிருந்த எர்மெலிந்தா டீச்சர் குடையின் பொத்தானைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். சிப்ரு ஆளுக்கொரு பொட்டலமாகக் கையில் திணித்துக்கொண்டே வந்தார். விசில் சத்தம் தெளிவாக, அருகில், எல்லோருக்கும் நடுவில் கேட்டுக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க, ஆறிடும்," என்றார்.

சாப்பிட்டோம். வேறென்ன செய்வது? முப்பது வருஷக் காற்று காதில் அடித்தால் முதலில் போவது மெல்லிய, உயரமான சத்தங்கள்தான். கொசு, குருவி, குழந்தையின் குரல், விசில். குளுக்கும் டொங்கும் இன்னும் பல வருஷம் கேட்கும். அதனால்தான் மனிதருக்குத் தெரியாமல் போகிறது. இதெல்லாம் படித்தவள் நான். ஆனால் ஒரு டேங்க் மூடியால் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு யாரும் எதுவும் பேசி முடிவு செய்யவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து ஆல மரத்தடியில் ஒரு புது ஒழுங்கு வந்தது. முன்பெல்லாம் சிப்ரு பேரம் காதில் வாங்காமல் நின்றால், "செவிட்டுப் பயலே, மூணாங்கிளாஸ்லயும் இப்படித்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டா ஜன்னலைப் பாப்பே" என்று டீச்சர் அதட்டுவார். அந்த அதட்டல் நின்றது. செவிடு என்கிற வார்த்தையே அந்த மரத்தடியில் காணாமல் போனது. டீச்சர் திடீரென்று தனக்குத் தொண்டை வலி என்று அறிவித்தார். "கத்திப் பேசக்கூடாதுன்னு பாய் சொல்லியிருக்கா" என்று என்னையும் கேட்காமல் சாட்சிக்கு இழுத்தார். வண்டியில் போகும்போது இடப்பக்கம் திரும்ப இடது தோளில் ஒரு தட்டு, வலப்பக்கம் என்றால் வலது தோளில், நிறுத்த வேண்டுமானால் இரண்டு தட்டு. ஒரு வாரத்தில் தீவுப் பெண்கள் எல்லோருக்கும் தொண்டை வலி வந்துவிட்டது.

வரிசைத் தீர்ப்பும் பிசக ஆரம்பித்தது. உல்ஹாஸின் டேங்க் பேசி முடித்து நிற்க, அப்போதுதான் வந்த ஜெரோனிமின் டேங்க் ஸ்ஸ்ஸ் என்று காற்று விட்டுக்கொண்டிருக்க, சிப்ரு இரண்டிலும் காது வைத்துவிட்டு, "ஜெரோனிமோடது தூங்கிடுச்சு. ஜெரோனிம் முன்னாடி" என்றார். உல்ஹாஸ் வாயைத் திறந்தார். மூடினார். வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் நிறுத்தினார். அன்று மாலை ஜெரோனிம் தனக்கு வந்த ஆளை, "எனக்கு டயர்ல காத்து கம்மி, நீ ஏத்திக்கோ" என்று உல்ஹாஸிடம் அனுப்பிவைத்ததையும் பார்த்தேன். எலியும் பூனையுமாக இருந்தவர்கள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அக்டோபர் கடைசியில், வரப்புச் சாலையில் பின்னால் ஒரு மணல் லாரி வந்தது. அது அடித்த ஹாரனில் சேற்று மரங்களிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. சிப்ரு சாலையின் நடுவிலேயே நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். அடைமழை நாட்களில் அவர் ஹெல்மெட்டுக்குள் துண்டு கட்டிக்கொள்வார், அன்றைக்கும் கட்டியிருந்தார், அதனால்தான் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி. இடது தோளில் அடித்தே விட்டேன். ஓரத்துக்கு ஒதுங்கினார். லாரி என் முழங்கையை உரசாத குறையாகப் போனது.

"என்ன பாய், இன்னைக்கு இவ்வளவு பயம்?" என்று திரும்பிச் சிரித்தார்.

அன்று இரவு முழுக்க அந்தச் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. லாரியைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நவம்பரில் அவருடைய பேட்ஜும் லைசென்சும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். கண், காது, கை கால். எங்கள் நிலையத்தில் டாக்டர் பிரபுதேசாய் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஊர்க்காரர்களுக்கு டாக்டர் என்றால் தோதோர். இளம்பெண், தீவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. திங்கட்கிழமை என்று நாள் குறித்தாயிற்று.

முந்தின வாரம் முழுக்க என் மருந்து ஜன்னலில் காய்ச்சல்காரர்களைவிடத் தூதுவர்கள்தான் அதிகம். உல்ஹாஸ் வந்தார்.

"பாய், தோதோர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கண்டும் காணாத மாதிரி ஒரு கையெழுத்து. அந்த ஆளுக்கு வண்டியைத் தவிர வேற என்ன இருக்கு? பொண்டாட்டி குவைத்ல. வீட்ல சுவரைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா?"

"லாரி மோதினா?"

"நாங்க பாத்துக்கறோம்."

"எப்படிப் பாத்துப்பீங்க? லாரிக்காரனுக்குத் தோள்ல தட்டுவீங்களா?"

இருமல் மருந்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இருமல் இல்லை.

டாக்டரிடம் எல்லோரும் ஏற்கெனவே பேசியிருந்தார்கள். "முதுகுப் பக்கம் ஆறடி தள்ளி நின்னு மெதுவா நம்பர் சொல்லணும். அவர் திருப்பிச் சொல்லணும். அதுதான் முறை," என்றார் டாக்டர். "முன்னாடி உக்காந்து சொன்னா உதட்டைப் பாத்தே சொல்லிடுவாங்க." பேனாவை மூடி வைத்தார். "நானும் அவர் வண்டியிலதான் பாய் வர்றேன்."

அவருக்கும் தொண்டை வலி உண்டு என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பலாமரத்தடியில் வழக்கம்போல நிறுத்தினார். குனிந்தார். கேட்டார். "நல்லாத் தூங்குது," என்று நிமிர்ந்தார். மூடி விசிலடித்துக்கொண்டிருந்தது.

நான் இறங்கி அவருக்கு எதிரே வந்து நின்றேன். என் முகம் அவருக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில்.

"விரலை எச்சில் பண்ணி அந்தத் துளை மேல வைங்க."

"எதுக்கு?"

"வைங்க சிப்ரு பாப்."

சின்னப் பையன் மாதிரி ஆள்காட்டி விரலை நக்கி, மூடியின் மேல் வைத்தார். ஈர விரலில் காற்று சில்லென்று படும், அது எனக்குத் தெரியும். நான் முந்தின நாளே வைத்துப் பார்த்திருந்தேன். அவர் விரலை எடுத்தார். மறுபடி வைத்தார். துளையை அடைத்தார், விட்டார். ஊக்கைத் தேடிச் சட்டைப்பைக்குப் போன கை பாதியில் நின்றது.

"விசில் அடிக்குதா பாய்?"

"அடிக்குது."

"இப்பவுமா?"

"இப்பவும்."

பலாமரத்தில் ஏதோ பறவை கத்தியது. அதைப் பற்றியும் கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

"எத்தனை நாளா?"

"ஆகஸ்டுல இருந்து எங்களுக்குத் தெரியும்."

"எங்களுக்குன்னா?"

"ஸ்டாண்டுக்கு."

யோசித்தார். அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"நான் பாவ் வாங்கிட்டு வந்தேனே. அப்பவுமா?"

"அப்பவும்."

"எல்லாரும் தின்னீங்களே."

"தின்னோம்."

"டீச்சருக்குத் தொண்டை?"

"டீச்சருக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு."

சிப்ரு கிராம்பு டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டார். எனக்கும் ஒன்று நீட்டினார். இரண்டு பேரும் கிராம்பைக் கடித்தோம். உள்ளே நோயாளிகள் ஜன்னல் கம்பியைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். நான் லாரியைப் பற்றிச் சொன்னேன். கொக்குகள் பறந்ததைச் சொன்னேன். பிறகு அவராகக் கேட்டதால், திங்கட்கிழமை எப்படிப் பரிசோதிப்பார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். முன்பக்கம், பின்பக்கம், உதடு, எல்லாம்.

"தேறலைன்னா?"

"காதுக்கு மெஷின் வெச்சு மறுபடி பாப்பாங்க."

"மெஷின் வெச்சா பேட்ஜ் குடுப்பாங்களா?"

"எனக்குத் தெரியல சிப்ரு பாப். சிலருக்குக் குடுக்கறாங்க. சிலருக்கு இல்ல."

தலையாட்டினார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மேட்டில் இறங்கினார். அன்றைக்கு மாலையும் சனிக்கிழமையும் அவர் வண்டி ஸ்டாண்டுக்கு வரவில்லை. உல்ஹாஸ்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனார். நான் செய்தது சரிதானா என்று இரண்டு நாளும் குழம்பினேன். சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் வலித்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வெளி வராந்தாவில் எர்மெலிந்தா டீச்சர் ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தார். அதைப் புதன்கிழமைதான் பார்ப்போம், அவருக்கும் தெரியும். உல்ஹாஸும் ஜெரோனிமும் மரத்தடியில் ஒரே வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். சிப்ரு சலவைச் சட்டையும் ஈஸ்டருக்குப் போடுகிற காலணியுமாக வந்தார். யாரையும் நின்று பார்க்கவில்லை, யாரிடமும் கோபமும் காட்டவில்லை. டீச்சரைத் தாண்டும்போது மட்டும், "தொண்டை எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டார். எழுபத்தைந்து வயசு டீச்சர் வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி குடையைப் பார்த்தார்.

உள்ளே படிவத்தை நிரப்புவதற்காக நானும் இருந்தேன். கண் பரிசோதனை முடிந்தது. கடைசி வரி எழுத்துவரை படித்தார். கை, கால், முழங்கால், எல்லாம் சரி. நான் கட்டங்களில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மிச்சம் ஒரு கட்டம்.

டாக்டர் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினார். வெளிச் சத்தம் குறைந்தது. பிறகு திரும்பித் தன் இடத்திலேயே மறுபடி உட்கார்ந்துகொண்டார். மேஜைக்கு எதிரே, அவர் முகத்துக்கு நேராக, நோயாளிகள் உட்காரும் நாற்காலி. டாக்டர் தலை முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, வாய் நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்தார்.

"உக்காருங்க சிப்ரு பாப். நான் சொல்ற நம்பரைத் திருப்பிச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

சிப்ரு நாற்காலியைப் பார்த்தார். டாக்டரின் உதட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது நான் படிவத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரத்தில் அவர் பேசாமல் உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன், லாரியை எல்லாம் மறந்து.

தரையில் நாற்காலிக் கால் உரசுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். சிப்ரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கி, ஆறடி தள்ளிக் கொண்டுபோய், தடுப்பூசி விளம்பரம் ஒட்டிய சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஆரம்பிங்க தோதோர்," என்றார் சுவரிடம்.